முக்கோணம் இல்லாத முக்கோணம்

(குறுவள மைய ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாடு முடிந்த கையோடு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் வகுப்பெடுப்பது எவ்வளவு கடினம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் கோட்பாடு எதுவும் சொல்லாமல் ஒரு ரயில் நிலையத்தைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குக் கொடுத்த தலைப்பு "மாணவர் தவறுகளைக் கையாளுதல்". தலைப்புக்கும் ரயில் நிலையத்துக்கும் என்ன தொடர்பு என்று இப்போது தோன்றலாம். முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியில் மாடி வகுப்புப் பிள்ளைகள் படிக்கட்டு வழியாக இறங்குவார்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகள் வராண்டா வழியாக வருவார்கள். இரண்டு வரிசையும் படிக்கட்டின் அடியில், ஒரே வாசலில் சேர்ந்துதான் சத்துணவுக் கூடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் ஒரு மாணவனை நிறுத்தியிருந்தோம். அவன் கையைத் தூக்கினால் ஒரு வரிசை நிற்க வேண்டும், மற்றது போக வேண்டும். பல ஆண்டுகளாக அப்படித்தான் நடந்துவந்தது.

ஒருநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், தூக்கிய கையைப் பார்க்காமல் படியிலிருந்து ஓடி வந்தான். வராண்டாவிலிருந்து தட்டோடு வந்துகொண்டிருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி மேல் மோதினான். அந்தப் பிள்ளை விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அன்று மேற்பார்வைப் பணி என்னுடையது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பையனைக் காலை வணக்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்தினேன். அவன் அப்பாவை வரச் சொன்னேன். அவர் தினக்கூலி. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து என் முன்னால் கைகட்டி நின்றார். பையன் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. வந்த பிறகும் என் வகுப்பில் ஒரு கேள்விக்குக்கூடக் கை தூக்கவில்லை.

அப்போது எங்கள் தலைமை ஆசிரியை ஒரு வார்த்தை கேட்டார். "சார், அவன் ஓடி வந்தது தப்புதான். நாளைக்கு இன்னொருத்தன் ஓடி வந்தா என்ன சார் பண்ணுவீங்க?" நான் சொன்னேன், "அவனையும் நிக்க வைக்கலாம் மேடம்." அவர் மேலே எதுவும் சொல்லவில்லை. அந்த ஆண்டே ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவர் கேட்ட கேள்வி எனக்குப் புரிய இரண்டு ஆண்டு ஆயிற்று. புரிந்த இடம் ஜெர்மனியின் பெர்லின் நகரம்.

என் மகள் அங்கே மேற்படிப்புப் படிக்கிறாள். ஒரு மே மாத விடுமுறையில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ஒருநாள் மெட்ரோவில் போகும்போது, "அப்பா, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி வேற ரயில் மாறணும்" என்றாள். அந்த நிலையத்தின் பெயர் கிளைஸ்ட்ரைஎக். ஜெர்மன் மொழியில் 'கிளைஸ்' என்றால் தண்டவாளம், 'ட்ரைஎக்' என்றால் முக்கோணம். தண்டவாள முக்கோணம் என்று பொருள்.

இறங்கிப் பார்த்தால், அது தரைக்கு மேலே உயரத்தில் இருக்கிற நிலையம். நாங்கள் நின்றது கீழ்த் தளம். எங்கள் தலைக்கு மேலே குறுக்காக இன்னொரு மேம்பாலத்தில் மஞ்சள் நிற ரயில் ஒன்று போயிற்று. கீழ்த் தளத்தில் யு2 என்ற வழித்தடம். மேல் தளத்தில் யு1, யு3. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியேறித்தான் போக வேண்டும். சமூக அறிவியல் ஆசிரியன் சும்மா இருப்பானா? "இங்கே முக்கோணம் எங்கேம்மா இருக்கு? எனக்குக் கூட்டல் குறிதானே தெரியுது?" என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அன்று இரவு இருவரும் உட்கார்ந்து அந்த நிலையத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பெர்லினில் உயரத்தில் ஓடும் மின்சார ரயில் வேண்டும் என்று 1880-லேயே திட்டம் கொடுத்தவர் வெர்னர் ஃபொன் சீமென்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு, 1879-ல், அதே நகரில் நடந்த பொருட்காட்சியில் ஒரு சின்ன மின்சார ரயிலை ஓட்டிக் காட்டியவர். அவர் 1892-ல் இறந்துவிட்டார். வேலை தொடங்கியது 1896-ல்தான். ரயிலைத் தரைக்கு அடியில் விட நகர நிர்வாகம் தயங்கியது. அப்போதுதான் பெரும் செலவில் கழிவுநீர்க் குழாய்கள் போட்டிருந்தார்கள். சுரங்கம் தோண்டினால் அவை கெட்டுவிடும் என்று பயம். அதனால் முதல் பாதையின் பெரும்பகுதி இரும்புத் தூண்களின் மேலும் மேம்பாலங்களின் மேலும் போயிற்று. 1902 பிப்ரவரி 18 அன்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

இப்போது கரும்பலகையில் ஒரு படம் போடுகிறேன். உங்கள் குறிப்பேட்டிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று புள்ளிகள். இடப்பக்கம் மேற்கு. அந்தப் பக்கம் விலங்கியல் பூங்கா நிலையம். வலப்பக்கம் கிழக்கு. அந்தப் பக்கம் வார்ஷவர் பாலம். மேலே வடக்கு. அங்கே நகரத்தின் நடுப்பகுதியான பாட்ஸ்டாமர் பிளாட்ஸ். மேற்கிலிருந்து கிழக்குக்கு ரயில் போக வேண்டும். மேற்கிலிருந்து வடக்குக்கும், வடக்கிலிருந்து கிழக்குக்கும் போக வேண்டும். மூன்று புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்தால் என்ன வருகிறது? முக்கோணம். அதைத்தான் கட்டினார்கள். அப்போது அங்கே நிலையம் கிடையாது, தண்டவாள முக்கோணம் மட்டும்தான்.

பயணிகளுக்கு இது மிக வசதி. எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கும் இறங்காமல், மாறாமல் போகலாம். ஒரு பெட்டியில் ஏறி உட்கார்ந்தால் போதும்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் படத்தில், இரண்டு பாதைகள் ஒன்றாகச் சேர்கிற இடங்கள் எத்தனை? எண்ணிப் பாருங்கள். மேற்கே போகிற தண்டவாளத்துக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ரயில் வரும். அது ஒன்று. கிழக்கே போகிற தண்டவாளத்துக்கு மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும். அது இரண்டு. வடக்கே போவது மூன்று. ஆக, மூன்று சேரும் இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரயில் போகும்வரை மற்றொன்று காத்திருக்க வேண்டும். காத்திருக்கச் சொல்வது ஒரு சமிக்ஞை. அந்தச் சமிக்ஞையைப் பார்த்து ரயிலை நிறுத்துவது ஓட்டுநரின் கண்ணும் கையும்.

படிக்கட்டின் அடியில் கையைத் தூக்கி நின்ற மாணவனை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு ஆண்டு அந்த முக்கோணம் வேலை செய்தது. 1908 செப்டம்பர் 26, சனிக்கிழமை. ஒரு ரயிலின் ஓட்டுநர் நில் என்ற சமிக்ஞையைத் தாண்டி வந்துவிட்டார். சேரும் இடத்தில் வந்துகொண்டிருந்த மற்றொரு ரயிலோடு மோதல் ஏற்பட்டது. ஒரு பெட்டி மேம்பாலத்திலிருந்து கீழே விழுந்தது. 18 பேர் இறந்தார்கள். 20 பேருக்கும் மேல் காயப்பட்டார்கள்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். யார் தவறு? ஓட்டுநர் தவறு. அதில் சந்தேகமில்லை. சமிக்ஞை சரியாக இருந்தது, அவர் கவனிக்கவில்லை. அந்தக் கேள்வியோடு நின்றிருந்தால் என்ன செய்திருக்கலாம்? எல்லா ஓட்டுநர்களையும் கூப்பிட்டு "இனிமேல் கவனமாக இருங்கள்" என்று எச்சரித்திருக்கலாம். சுற்றறிக்கை ஒன்று அனுப்பியிருக்கலாம். மறுநாள் காலையிலும் அந்த முக்கோணத்தில் அதே மூன்று சேரும் இடங்கள் இருந்திருக்கும். எச்சரிக்கப்பட்ட ஓட்டுநர்கள் எல்லோரும் மனிதர்கள்தான். அவர்களில் ஒருவருக்கு என்றாவது ஒருநாள் தூக்கம் வரும், வீட்டுக் கவலை இருக்கும், கண்ணில் வெயில் அடிக்கும்.

பெர்லினில் முக்கோணத்தையே எடுத்துவிட்டார்கள். ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டுமான வேலை நடந்தது. 1912 நவம்பரில் புதிய நிலையம் திறந்தது. மூன்று பக்கமும் சேரும் பாதைகளுக்குப் பதிலாக, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பாதைகள். ஒன்று மேல் தளத்தில், ஒன்று கீழ்த் தளத்தில். என் கண்ணுக்குத் தெரிந்த கூட்டல் குறி அதுதான். மேலே போகிற ரயில் ஓட்டுநர் எவ்வளவு பெரிய தவறு செய்தாலும் கீழே போகிற ரயிலின் குறுக்கே வர வழியில்லை. தவறு நடக்கலாம், ஆனால் அந்தத் தவறு இன்னொரு ரயிலில் இருக்கிறவர்களின் உயிரைத் தொடாது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். முக்கோணத்தை எடுத்ததற்கு விபத்து மட்டும் காரணமில்லை. பயணிகள் பெருகிவிட்டார்கள். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கிற அமைப்பில் அதற்குமேல் ரயில்களைக் கூட்டுவது கடினம். நெரிசலும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் இருந்தன. நம் பள்ளிகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். எந்த இடத்தில் பிள்ளைகள் முட்டிக்கொள்கிறார்களோ, அங்கேதான் நேரமும் வீணாகும்.

இந்த மாற்றம் இலவசமாக வரவில்லை. பணச் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். முன்பு கிழக்கிலிருந்து ஏறியவர் இறங்காமலே நகரத்தின் நடுவுக்குப் போனார். இப்போது இங்கே இறங்க வேண்டும், படியேற வேண்டும், அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். மாறும் நிலையம் என்று நாம் சொல்கிறோமே, அது இங்கே பிறந்தது இப்படித்தான். 1926-ல் கிழக்குப் பாதையை மேற்கே நொலென்டார்ஃப்பிளாட்ஸ் வரை தனியாக நீட்டினார்கள். அதன்பின் இரண்டு வழித்தடங்களும் முழுக்கத் தனித்தனி ஆயின. ஆனால் மாறுகிறவர் படியேறுவது இன்றும் இருக்கிறது. என் மகளும் நானும் அன்று ஏறிய படிகள் 1908-ல் இறந்தவர்களுக்காக அந்த நகரம் ஏற்றுக்கொண்ட சிரமத்தின் பகுதி என்று எனக்குத் தோன்றியது. நாள்தோறும் ஒவ்வொரு பயணியும் ஓரிரு நிமிடம் கொடுக்கிறார். அதற்குப் பதிலாக அந்த இடத்தில் அப்படியொரு மோதல் நடக்க வாய்ப்பே இல்லை.

முக்கோணம் போன பிறகும் பெயரை மாற்றவில்லை. ஏன் இந்தப் பெயர் என்று கேட்கிறவர்களுக்குப் பழைய கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கதை இதோடு முடியவில்லை. இதன் பிற்பகுதியைப் பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலகம் நடத்துகிறவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் நகரத்தின் நடுவே எல்லையை அடைத்தார்கள். பிறகு அங்கே சுவர் எழுந்தது. கிளைஸ்ட்ரைஎக் நிலையம் மேற்கு பெர்லினில் இருந்தது. அடுத்த நிலையமான பாட்ஸ்டாமர் பிளாட்ஸ் எல்லையிலேயே மாட்டிக்கொண்டது. அந்த நிலையத்தை மூடினார்கள். கீழ்த் தளத்து ரயில்கள் மேற்கிலிருந்து வந்து கிளைஸ்ட்ரைஎக்கோடு நின்று திரும்பின. மேல் தளத்து வழித்தடத்துக்கும் பாதிப்பு இருந்தது. அதன் கிழக்குக் கோடியில் வார்ஷவர் பாலம் நிலையம் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. ஆனால் மற்ற நிலையங்களுக்கு ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்ததன் பலன் இங்கேயும் தெரிந்தது. ஒன்று அறுந்தபோது மற்றொன்று அறுந்துபோகவில்லை.

கீழ்த் தளத்தில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. அடுத்த நிலையத்துக்குப் போக முடியாத ரயிலில் யார் ஏறுவார்கள்? 1972 ஜனவரி 1 முதல் அந்தப் பகுதியில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். மேலே ரயில்கள் ஓடிக்கொண்டிருக்க, கீழ்த் தளம் வெறுமையாகக் கிடந்தது. 1980-களில் அதே தளத்திலிருந்து காந்த விசையால் ஓடும் சோதனை ரயில் ஒன்றுக்குப் பாதை போட்டார்கள். நீளம் 1.6 கிலோமீட்டர், மூன்றே நிலையங்கள். 1989-ல் பொதுமக்களை ஏற்றத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று சுவர் திறந்துவிட்டது. பழைய மெட்ரோ பாதை திரும்பவும் தேவைப்பட்டது. காந்த ரயிலை 1991-ல் நிறுத்திப் பிரித்தெடுத்தார்கள். 1993 நவம்பர் 13 அன்று கீழ்த் தளத்தில் மீண்டும் மெட்ரோ ஓடியது. 21 ஆண்டு மெட்ரோ ஓடாமல் கிடந்த தளம் இன்று நாள்தோறும் பயன்படுகிறது.

இப்போது அந்த நிலையத்தைச் சுற்றி இருந்த பழைய சரக்கு ரயில் நிலங்கள் பெரிய பூங்கா ஆகிவிட்டன. நான் போன அன்று மேம்பாலத்தின் அடியில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மேலே ரயில் போனபோது யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர்கள் நிமிர்ந்து பார்க்காததற்குப் பின்னால் 1912-ல் செய்த வேலை இருக்கிறது.

இதையெல்லாம் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தலைமை ஆசிரியை கேட்ட கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "நாளைக்கு இன்னொருத்தன் ஓடி வந்தா?" நான் ஓட்டுநரை மட்டும் தண்டித்துவிட்டு முக்கோணத்தை அப்படியே விட்டிருந்தேன். அந்த இரண்டு ஆண்டிலும் நாள்தோறும் அந்த வாசலில் இரண்டு வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. வேறு பிள்ளைக்கு அடிபடாமல் இருந்தது எங்கள் நல்ல நேரம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புதிய தலைமை ஆசிரியரிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் பேசினேன். மூவரும் கட்டடத்தைச் சுற்றி நடந்து பார்த்தோம். வராண்டாவின் மறுகோடியில் ஒரு கதவு இருந்தது. பல ஆண்டுகளாகப் பூட்டியிருந்தது. பின்னால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் சொன்னோம். ஒரு சனிக்கிழமை பிற்பகல் பெற்றோர் நாலைந்து பேர் வந்து பெஞ்சுகளை அப்புறப்படுத்தினார்கள். பூட்டை உடைத்துக் கதவைத் திறந்தோம். அன்றிலிருந்து மாடி வகுப்புகள் முன்வாசல் வழி, கீழ் வகுப்புகள் பின்கதவு வழி. இரண்டு வரிசையும் எங்கேயும் சேராது. கைதூக்கி நிற்க யாரும் தேவையில்லை.

செலவு எதுவும் இல்லை, ஆனால் சிரமம் இருந்தது. கீழ் வகுப்புப் பிள்ளைகள் கூடுதலாகக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். மழை வந்தால் நனைவார்கள். முதல் வாரம் ஆசிரியர்களே முணுமுணுத்தோம். படியேறுகிற பெர்லின்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பையன் அப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான். என் வகுப்புதான். ஒருநாள் இந்த நிலையத்தின் கதையைப் படம் போட்டு வகுப்பில் சொன்னேன். பள்ளியில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. முடித்ததும் "கேள்வி இருக்கா?" என்றேன். இரண்டு ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாக அவன் கையைத் தூக்கினான். எழுந்து நின்று கேட்டான்: "சார், அந்தப் பாலத்தை முன்னாடியே மாத்தியிருக்கலாமே சார்?"

அவன் பெர்லினைப் பற்றித்தான் கேட்டானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "மாத்தியிருக்கலாம்பா. மாத்தாதது பெரியவங்க தப்பு" என்றேன். அன்று மாலை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் நிறுத்தியதற்கும் அவன் அப்பாவை அலைய வைத்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல சார்" என்றான். அவன் அப்பாவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போய்ப் பார்த்தேன். அதைக் கூட்டத்தில் சொன்னபடி, எல்லார் முன்னாலும் நிறுத்திய நான் எல்லார் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் இங்கே உங்கள் முன்னால் சொல்கிறேன்.

நண்பர்களே, தவறு செய்த பிள்ளைக்கு எதுவுமே சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓடி வந்தது தவறு என்பதை அவனுக்குச் சொல்லத்தான் வேண்டும். அடிபட்ட பிள்ளையிடம் அவன் போய்ப் பேசத்தான் வேண்டும். "யார் செய்தது?" என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் எழுந்து போய்விடுகிறோம். "எது இடம் கொடுத்தது?" என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. முதல் கேள்விக்கு விடை ஒரு பிள்ளையின் பெயர். இரண்டாவதற்கு விடை பெரும்பாலும் நம் கையில் இருக்கிற ஏதோ ஒன்று.

சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். கணக்குத் தேர்வில் 35 பேரில் 20 பேர் ஒரே கழித்தல் கணக்கில் ஒரே மாதிரி தவறு செய்திருந்தால், அது 20 பேரின் கவனக்குறைவா? நாம் கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக் கொடுத்த முறையில் ஏதோ ஒரு சேரும் இடம் இருக்கிறது. ஆய்வகத்தில் அமில பாட்டிலும் தண்ணீர் பாட்டிலும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தட்டு என்றால், என்றாவது ஒரு பிள்ளை மாற்றி எடுப்பான். அவனைத் திட்டுவதற்கு முன் பாட்டிலை வேறு தட்டுக்கு மாற்றலாம். காலையில் முதல் பாடவேளைக்கு நாள்தோறும் அதே ஐந்து பேர் தாமதம் என்றால், அவர்கள் ஊர்ப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

வகுப்பில் செய்ய ஒரு செயல்பாடும் தருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து செய்யலாம். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பெரிய முக்கோணம் போடுங்கள். ஒவ்வொரு முனையிலும் பத்துப் பிள்ளைகள் நிற்கட்டும். பாதிப் பேர் ஒரு முனைக்கும் பாதிப் பேர் மற்ற முனைக்கும் கோட்டின் மேலேயே நடக்க வேண்டும். மூன்று சேரும் இடங்களிலும் கைதூக்க ஒரு பிள்ளை. இரண்டு நிமிடத்தில் எத்தனை முறை நிற்க வேண்டி வந்தது, எத்தனை முறை இடித்துக்கொண்டார்கள் என்று மற்றவர்கள் எண்ணட்டும். பிறகு "இதை எப்படி மாற்றலாம்?" என்று அவர்களிடமே விடுங்கள். நாலைந்து பெஞ்சைச் சேர்த்துப் பாலம் கட்டலாம் என்று ஒரு குழு சொல்லும். நேரத்தை மாற்றலாம் என்று இன்னொரு குழு சொல்லும். எண்ணிய எண்களை அட்டவணை போட்டால் அது கணக்குப் பாடம். அதன்பின் கிளைஸ்ட்ரைஎக் கதையைச் சொன்னால் அது வரலாற்றுப் பாடம். சென்னை ஆலந்தூர் மெட்ரோ நிலையத்துக்குப் போன பிள்ளை வகுப்பில் இருந்தால், அங்கே இரண்டு வழித்தடங்கள் இரண்டு தளத்தில் இருப்பதை அவனையே சொல்ல வையுங்கள். எங்கள் பிள்ளைகள் இதைச் செய்த மறுவாரம், குடிநீர்க் குழாய் அருகே நிற்கிற வரிசையை மாற்ற வேண்டும் என்று அவர்களே வந்து சொன்னார்கள்.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். நாளை பள்ளிக்குப் போனதும் இடைவேளை மணி அடிக்கும்போது பத்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். உங்கள் பள்ளியில் இரண்டு வரிசை எங்கே சேர்கிறது, கைதூக்க எந்தப் பிள்ளையை நிறுத்தியிருக்கிறோம் என்று பாருங்கள். பிறகு பூட்டிக் கிடக்கிற கதவு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் பள்ளியில் அந்தக் கதவு அந்தச் சிறுமி விழுந்த அன்றும் அங்கேதான் இருந்தது.